உறை பிரிக்காத ஹெல்மெட்

அவரை முதன்முதலில் பார்த்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர், சுற்றிலும் ஆண்கள், கூச்சமாக இருக்குமே என்று நல்ல எண்ணத்தில் ஒரு வார்த்தை சொன்னேன். "என்னை அண்ணன்னு கூப்பிடும்மா. எது வேணும்னாலும் தயங்காம கேளு."

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "சார்னே கூப்புடுறேன் சார். அண்ணனுங்க ரெண்டு பேரு வூட்ல இருக்காங்க."

இத்தனைக்கும் அவருக்கும் என் வயதுதான். ஒன்றிரண்டு கூடவே இருக்கலாம். ஒரு உறவுமுறையைக்கூட வாங்கிக்கொள்ள யோசிக்கிற பெண்ணோடு எப்படிக் காலம் தள்ளுவது என்று அன்று மதியம் சாப்பாட்டு நேரத்தில் நான் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தேன்.

நான் வேலை பார்ப்பது நெய்வேலி நகரியத்தை ஒட்டிய ஒரு காண்ட்ராக்ட் ஒர்க்‌ஷாப்பில். சுரங்கத்திலிருந்து வரும் பழுதான மோட்டார்களைப் பிரித்து, கருகிய செப்புக் கம்பியை உருவிவிட்டுப் புதிதாகச் சுற்றி, ஓட்டிப் பார்த்துத் திருப்பி அனுப்புவோம். அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து சுரங்கத்தில் பெர்மனெண்ட்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். பிளாக்கில் குவார்ட்டர்ஸ், வாசலில் முருங்கை மரம் என்று வளர்ந்த எனக்கு அந்தப் பெர்மனெண்ட் வேலை வாய்க்கவில்லை. ஆனால் கையெழுத்து நன்றாக வாய்த்திருந்தது. அதனால் காலை எட்டரை மணிக்குக் கரும்பலகையில் யார் யாருக்கு அன்று என்ன வேலை என்று எழுதும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. பலகையில் மூன்று தலைப்புகள். வைண்டிங், டெஸ்டிங், சைட். சைட் என்றால் சுரங்கத்துக்கே போய், மோட்டாரைக் கன்வேயரில் பூட்டி, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது. அதற்குப் போகிறவர்களின் பெயர் முதல் நாளே கேட் பாஸ் படிவத்தில் போக வேண்டும். அந்தப் படிவத்தையும் நான்தான் நிரப்புவேன்.

அவர் குள்ளஞ்சாவடியிலிருந்து ஸ்கூட்டியில் வருவார். எலெக்ட்ரிக்கல் டிப்ளமா படித்தவர், கல்யாணத்துக்கு முன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இருந்தவர். கணவர் குள்ளஞ்சாவடி பஜாரில் செருப்புக் கடை வைத்திருந்தார். கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி இருக்கும். எந்த மோட்டாரிலும் கை வைக்கும் முன் அதைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்து வைத்துவிடுவார். எங்களிடம் ஏற்கெனவே ஆறு பெண்கள் இருந்தார்கள். எல்லோரும் கம்பி சுற்றுகிறவர்கள். படித்துவிட்டு டெக்னீஷியனாக வந்த முதல் பெண் இவர்தான்.

சந்தேகம் என்றால் அப்படி ஒரு சந்தேகம். வந்த வாரமே மேனேஜர் அவருக்கு ஃபேனுக்குக் கீழே மெத்தை வைத்த நாற்காலி ஒன்றைப் போடச் சொன்னார். வேறு யாருக்கும் கிடைக்காத மரியாதை. அவர் உட்காரவில்லை. நாற்காலியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அப்புறம் பக்கத்து மேஜையைப் பார்த்தார். அதில் ஆபீஸ் போன் இருந்தது.

"இது யாருக்கு வசதி சார்?" என்று என்னிடம் கேட்டார்.

"உங்களுக்குத்தான். காத்து நல்லா வரும்."

"காத்தும் வரும், போனும் வரும். நா போனு எடுத்துகினு உக்காந்திருந்தா மோட்டார யாரு பாக்கறது?"

நாற்காலி வாட்ச்மேனுக்குப் போனது. அவர் வழக்கம்போல ஸ்டூலில் உட்கார்ந்தார். இது யாருக்கு வசதி என்பது அவர் வாயில் எந்நேரமும் இருந்த கேள்வி. வெல்லம் போட்ட கொழுக்கட்டையை நீட்டினால்கூட அதைக் கேட்டுவிட்டுத்தான் கடிப்பார் என்று நாங்கள் கிண்டல் செய்வோம்.

டீ விஷயத்தில் அவர் செய்தது இன்னும் மோசம். யாருக்குக் கை ஒழிவோ அவர் போய் ஃப்ளாஸ்க்கில் டீ வாங்கி வருவது எங்கள் வழக்கம். அவர் வந்த பிறகு யாருக்குமே கை ஒழியவில்லை. பத்தரை மணி ஆனால் எல்லோரும் அவரைப் பார்த்தோம். அவர் ஃப்ளாஸ்க்கை எடுத்தார். ஆனால் போகும் முன் பலகைக்குப் போய், சாக்பீஸை எடுத்து, என் அழகான மூன்று தலைப்புகளுக்குப் பக்கத்தில் நாலாவதாக டீ என்று எழுதி, அதன் கீழே தன் பெயரை எழுதிவிட்டுப் போனார். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் ஒர்க்‌ஷாப்பைச் சுற்றிப் பார்க்க வந்த முதலாளி பலகையின் முன் நின்றுவிட்டார். டிப்ளமா படித்த டெக்னீஷியனுக்கு டீ என்று யார் வேலை ஒதுக்கியது என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள், பலகை என்னுடையது அல்லவா. அந்த வாரத்திலிருந்து டீ வாங்க முறை வைத்தோம். முதல் முறை என்னுடையது.

இப்படிப்பட்டவரை எனக்கு எப்போது பிடிக்கத் தொடங்கியது என்பதும் நினைவிருக்கிறது. மின்சாரத்தையும் அவர் நம்ப மாட்டார். "லைன் ஆஃப் பண்ணியாச்சு" என்று யார் சொன்னாலும் தலையை ஆட்டிக்கொண்டே போய், ஃபியூஸ் மூன்றையும் பிடுங்கித் தன் டிபன் பையில் போட்டுக்கொண்டு வருவார். வேலை முடிந்து அவரே போய் மாட்டினால்தான் உண்டு. சாம்பார் வாசனை அடிக்கிற ஃபியூஸ் என்று நாங்கள் சிரிப்போம். ஒருநாள் நானும் அவரும் டெஸ்ட் பெஞ்சில் ஒரு பெரிய மோட்டாரின் இணைப்பை மாற்றிக்கொண்டிருந்தோம். சாப்பிட்டுவிட்டு வந்த ஒருவர், நாங்கள் குனிந்திருந்ததைக் கவனிக்காமல், மெயின் சுவிட்சைத் தூக்கிவிட்டார். டக் என்று சத்தம் கேட்டது. என் இரண்டு கைகளும் அப்போது டெர்மினலில் இருந்தன. ஒன்றும் ஆகவில்லை. மூன்று ஃபியூஸும் அவருடைய தயிர் சாத டப்பாவுக்குப் பக்கத்தில் பத்திரமாக இருந்தன.

டெர்மினலிலிருந்து கைகளை எடுத்தேன். தரையிலேயே உட்கார்ந்தேன். அவர் தண்ணீர் பாட்டிலை நீட்டி, "இப்ப சிரிங்க சார்" என்றார். அன்று சாயங்காலம் வீட்டில் மனைவியிடம் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. நன்றி என்று அவரிடம் சொன்னேனா என்று யோசித்துப் பார்க்கிறேன். சொன்னதாக நினைவில்லை.

அதற்கடுத்த வாரமோ என்னவோ அவர் என் மேஜைக்கு வந்தார்.

"சைட்டுக்கு என் பேரையும் எழுதுங்க சார்."

"அங்க எதுக்கும்மா நீங்க? வெயிலு, தூசி. லேடீஸுக்கு பாத்ரூம் வசதியெல்லாம் இருக்காது."

"மைன்ஸ்ல லேடீஸ் வேல பாக்கறாங்களே, அவங்கள்லாம் எங்க சார் போறாங்க?"

அங்கே வசதி இருக்கிறதா இல்லையா என்று நான் ஒருநாளும் விசாரித்ததில்லை. எத்தனையோ முறை போய் வந்திருக்கிறேன், கேட்கத் தோன்றியதில்லை. "அடுத்த வாரம் பாக்கலாம்" என்றேன். அடுத்த வாரமும் கேட்டார். அப்போது மழையைக் காரணம் சொன்னேன். பிறகு ஒருமுறை, சைட்டில் ஆண்கள் கண்டபடி பேசுவார்கள், உங்கள் காதில் விழக் கூடாது என்றேன். "இங்க மட்டும் தேவாரமா பாடிகினு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். நாலைந்து முறைக்குப் பிறகு கேட்பதை நிறுத்திக்கொண்டார். அப்பாடா, புரிந்துகொண்டார் என்று நினைத்தேன்.

அவர் கேட்பதை நிறுத்தியதும் வேறொன்று ஆரம்பித்தது. தினமும் காலையில் நான் பலகையை எழுதி முடித்துச் சாக்பீஸ் தூசியைத் தட்டும்போது, அவர் வந்து நின்று செல்போனில் அதைப் போட்டோ எடுப்பார். ஒரு நாள் தவறாது. எடுத்துவிட்டு, சரியாக விழுந்திருக்கிறதா என்று விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார். பிறகு சங்கிலியைக் கழற்றிவிட்டு வேலைக்குப் போய்விடுவார்.

இப்போது சந்தேகப்படுவது என் முறை ஆயிற்று. எதற்கு எடுக்கிறார்? பலகையில் என்ன இருக்கிறது, பெயர்கள்தானே? ஒர்க்‌ஷாப்பில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். வேறு கம்பெனிக்கு நம் வேலை விவரம் போகிறது என்றார் ஒருவர். உன் மேல்தான் ஏதோ கம்ப்ளெய்ண்ட் தயாராகிறது என்று இன்னொருவர் என் காதில் போட்டார். பெண்கள் புகார் கொடுப்பதற்கான கமிட்டியின் அறிவிப்பு டைம் ஆபீஸ் பக்கத்தில் ஒட்டியிருக்கும். அதுவரை அதை நின்று படித்தவன் இல்லை நான். இப்போது இரண்டு முறை படித்தேன். கமிட்டித் தலைவி முதலாளியின் மனைவி என்று பார்த்ததும் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்தது. அந்த நிம்மதியை நினைத்தால் இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

வீட்டில் சொன்னேன். மனைவி உளுந்து அரைத்துக்கொண்டிருந்தவள் கிரைண்டரை நிறுத்தினாள்.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட ஏதாச்சும் வம்பு பண்ணீங்களா?"

"சாமி சத்தியமா ஒண்ணும் பண்ணல."

"ஒண்ணும் பண்ணாமயா தினம் போட்டோ எடுக்காங்க?" என்றாள், கிரைண்டரை மறுபடி ஓடவிடாமலே.

அன்றிலிருந்து அவரிடம் பேசும்போது நான் நாலடி தள்ளி நின்றேன். ஜோக் அடிப்பதை விட்டேன். "வாங்கம்மா, போங்கம்மா" என்று மாமியாரிடம் பேசுவதுபோல் பேசினேன். அவர் அதையும் கவனித்தார் என்று நினைக்கிறேன். ஒருநாள் உதட்டோரத்தில் சின்னதாகச் சிரிப்பு தெரிந்தது. அந்தச் சிரிப்பையும் நான் சந்தேகப்பட்டேன்.

மகளிர் தினம் வந்தது. கேக், ரோஜாப்பூ, பிளாஸ்டிக் டிபன் பாக்ஸ். அதோடு அந்த வருடம் ஒரு பெரிய பேனர் அடிக்க மேனேஜர் திட்டம் போட்டிருந்தார். எங்கள் நிறுவனத்தில் ஆணும் பெண்ணும் சமம் என்று மேலே வாசகம், கீழே ஒரு பெண் தொழில்நுட்பவியலாளர் ஹெல்மெட் அணிந்து பெரிய மோட்டார் பக்கத்தில் நிற்கும் படம். ஆள் வேறு யார், அவர்தான். போட்டோகிராபர் பண்ருட்டியிலிருந்து வந்திருந்தார். ஸ்டோரிலிருந்து அவர் பெயருக்கு ஒதுக்கப்பட்ட ஹெல்மெட்டை எடுத்து வரச் சொன்னார்கள். நான்தான் எடுத்து வந்தேன். சேர்ந்த அன்று ஒதுக்கியது, கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் புத்தம் புதிதாக இருந்தது. ஹெல்மெட் சைட்டுக்குப் போகிறவர்களுக்குத்தான் தேவை.

அவர் அதை வாங்கி உறையோடு தலையில் வைத்துக்கொண்டார்.

"அந்தக் கவரைப் பிரிச்சிருங்கம்மா, படத்துல பளபளன்னு தெரியுது பாருங்க" என்றார் மேனேஜர்.

"வேணாம் சார். இருக்கறது இருக்கறபடியே இருக்கட்டும்."

"நல்லா இருக்காதுங்கம்மா."

"நல்லா இல்லதான் சார்" என்றார் அவர், கேமராவைப் பார்த்தபடி.

மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்ததைக் காட்டிக்கொள்ளாமல் போட்டோகிராபரின் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பேனர் வந்தது. கூர்ந்து பார்த்தால் நெற்றிக்கு மேலே உறையின் சுருக்கம் வெளிச்சத்தில் மின்னுவது தெரியும். வருகிறவர்கள் யாரும் கூர்ந்து பார்ப்பதில்லை.

பேனர் ஏறிய இரண்டாவது மாதம் சூப்பர்வைசர் பதவிக்கு ஆள் எடுத்தார்கள். வெளியிலிருந்து அல்ல, எங்களுக்குள்ளேயே. எழுத்துத் தேர்வில் அவர் முதல், நான் இரண்டாவது. எங்கள் இருவரையும் மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். முதலாளியும் உட்கார்ந்திருந்தார். மேஜை மேல் சைட் ரிஜிஸ்டர் திறந்திருந்தது. என் பெயர் பக்கத்துக்குப் பக்கம் இருந்தது. அவர் பெயரைத் தேடிப் புரட்டிக்கொண்டே போன மேனேஜர், கடைசியில் ரிஜிஸ்டரை மூடினார்.

"எல்லாம் சரிங்கம்மா, மார்க்கு உங்களுக்குத்தான் ஜாஸ்தி. ஆனா சைட் அனுபவம் ஒரு நாள்கூட இல்லையே. சூப்பர்வைசர்னா சைட்ல ஆள வச்சு வேல வாங்கணுமில்ல?"

அவர் செல்போனை எடுத்து மேஜையில் வைத்து, மேனேஜர் பக்கம் திருப்பித் தள்ளினார். என் பலகை. விரலால் நகர்த்தினார். மறுபடி என் பலகை. ஒரு வருடத்துக்கும் மேலான காலைகள் ஒவ்வொன்றாக நகர்ந்தன. சைட் என்ற தலைப்புக்குக் கீழே பெரும்பாலான நாட்களில் முதல் பெயர் என்னுடையது. அவர் பெயர் எப்போதும் வைண்டிங்கிலோ டெஸ்டிங்கிலோ, என்னுடைய குண்டு குண்டான அழகான எழுத்தில்.

இதோ வரப்போகிறது என்று காத்திருந்தேன். என்னைத் திட்டுவார், அழுவார், கமிட்டி என்பார். அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"இவரு என்கிட்ட ஒருநாளும் ஒரு வார்த்த தப்பா பேசினதில்ல சார். மரியாதையாத்தான் நடந்துகினாரு. பேர மட்டும் எழுதல."

முதலாளி என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்றுகொண்டு, "அவங்க பாதுகாப்புக்காகத்தான் சார்" என்றேன். என் குரல் எனக்கே நல்ல பிள்ளையின் குரலாகக் கேட்டது. முதலாளி தலையை ஆட்டினார். "நல்ல எண்ணத்துலதான செஞ்சிருக்காரு" என்றார். அதோடு விஷயம் முடிந்தது. சூப்பர்வைசர் வேலை எனக்குக் கிடைத்தது.

வெளியே வந்ததும் அவர் "வாழ்த்துக்கள் சார்" என்றார். குத்தலாகச் சொல்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். குத்தல் இல்லை. களைப்பாக இருந்தார். சங்கிலியைக் கழற்றிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டே பெஞ்சுக்குப் போனார், அன்று முடிக்க வேண்டிய மோட்டார் பாக்கி இருந்தது.

நான் வேண்டுமென்று செய்தேனா? இல்லை என்று சொல்லத்தான் ஆசை. பல நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவரோடு வேலை பார்த்ததில் அவருடைய சந்தேக வியாதி எனக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது. சீக்கிரம் ஒரு சூப்பர்வைசர் வேலை வரும், சைட் போனவர்களுக்குத்தான் அது என்று மேனேஜர் என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அது எப்போது? அவர் என் மேஜைக்கு வந்து பெயரை எழுதச் சொன்னதற்கு முன்பா, பின்பா? இதை நானே என்னிடம் கேட்டுப் பார்க்கிறேன். முன்பு என்றுதான் பதில் வருகிறது. இது யாருக்கு வசதி என்று அவர் ஆரம்பத்திலிருந்தே கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

ஆறு மாதத்தில் அவர் வேலையை விட்டார். ஓசூரில் ஒரு கம்பெனியில் கிடைத்திருக்கிறது, கணவரும் கடையை அங்கேயே மாற்றிக்கொள்கிறார் என்றார்கள். அனுபவச் சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டியது சூப்பர்வைசர். எனக்கு ஒரு வாய்ப்பு கிடைத்த மாதிரி இருந்தது. நல்ல தாளில், என் நல்ல கையெழுத்தில், வைண்டிங்கிலும் டெஸ்டிங்கிலும் அவர் திறமைசாலி என்று எழுதி, சுரங்கத்தில் சைட் வேலையிலும் நீண்ட அனுபவம் உள்ளவர் என்று சேர்த்து எழுதினேன். பாவத்தில் கொஞ்சமாவது கழியட்டும் என்று நினைத்தேன்.

அவர் நின்றபடியே படித்தார். அந்த வரியில் விரல் நின்றது.

"நா எப்ப சார் சைட்டுக்குப் போனேன்?"

"இருக்கட்டும்மா. அங்க கேப்பாங்க. உங்களுக்கு உதவியா இருக்கும்."

"செய்யாத வேலைய செஞ்சதா எழுதிகினு போயி, நாளைக்கி அங்க ஒருத்தன் லைன்ல கைய வெச்சிகினு நிக்கும்போது எனக்குத் தெரியலன்னா?" தாளை என் மேஜையில் வைத்தார். "அனுப்பலன்னு எழுதுங்க. நா கேட்டேன், அனுப்பலன்னு. யாரு அனுப்பலன்னும் எழுதுங்க."

"அப்படியெல்லாம் சர்டிபிகேட்ல எழுத முடியாதும்மா."

"அப்ப அந்த வரிய எடுத்துடுங்க."

வேறு தாள் எடுத்து அந்த வரி இல்லாமல் எழுதிக் கொடுத்தேன். வாங்கி மடித்து டிபன் பையில் வைத்துக்கொண்டார். போகும்போது டெஸ்ட் பெஞ்சைக் காட்டி, ஃபியூஸை யாராவது ஒருவர் கையில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று மட்டும் சொன்னார். இப்போது நான் வைத்துக்கொள்கிறேன். என் டிபன் பையில் கிடந்தும் அவற்றில் சாம்பார் வாசனை அடிக்கிறது.

அவர் போன பிறகும் பேனரை எடுக்கவில்லை. வெயிலில் எழுத்தெல்லாம் வெளுத்துவிட்டது, ஹெல்மெட் உறையின் மினுக்கம் மட்டும் தெரிகிறது. இரண்டு பெண்கள் புதிதாக டெக்னீஷியன்களாக வந்திருக்கிறார்கள். இருவர் பெயரும் முறைப்படி சைட்டில் வருகிறது. சுரங்கத்தில் பெண்களுக்கு வசதி எங்கே என்று முதல் முறையாக விசாரித்தேன். நான் வருடக்கணக்காக டீ குடித்துக்கொண்டு நின்ற இடத்துக்குப் பின்னாலேயே இருந்தது.

அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று தோன்றியபோது, பெயரைப் போடாமல் எழுதுவது சரியாகப் படவில்லை. எனக்குத் தெரிந்த அழகான எழுத்தில் ஒரு முறையாவது உரிய இடத்தில் அதை எழுதிவிட வேண்டும் என்று இருந்தது. ஓசூருக்குப் போன் செய்தேன். குரல் அடையாளம் தெரிந்ததும் "சொல்லுங்க சார்" என்றார், அதே உஷாரான குரலில். பின்னால் மெஷின் ஓடும் சத்தம் கேட்டது. அவரைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பதையும், என் தப்பையும் சேர்த்தே எழுதுகிறேன் என்பதையும் சொன்னேன். பெயரைப் போடலாமா என்று கேட்டேன்.

பக்கத்தில் யாரையோ மெஷினைப் பார்த்துக்கொள்ளச் சொல்வது கேட்டது.

"போட வேண்டிய எடத்துல போடல. இப்ப எதுக்கு சார்?" என்று சொல்லிவிட்டு, வேலை இருக்கிறது என்று போனை வைத்துவிட்டார்.